லாஸ் வேகஸில் எங்கே சாப்பிடலாம்: அப்பா அம்மாவைக் கூட்டிப் போன அனுபவம்

லாஸ் வேகஸில் எங்கே சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால், எந்த ஹோட்டலில் ரூம் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அது தெரியாமல் எந்த உணவகத்தின் பெயரைச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. அந்த ஊரில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் பசி எடுக்கும் நேரத்தில் நாம் எங்கே நிற்கிறோமோ, அந்த இடம்தான் என்ன சாப்பிடப் போகிறோம், எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. வயதானவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் கேட்கவே வேண்டாம். பசித்த பிறகு இடம் தேடினால், கண்ணில் பட்ட முதல் கடையில் கேட்ட விலையைக் கொடுத்து ஏதோ ஒரு பர்கரைச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

நாங்கள் இருப்பது தெற்கு கலிபோர்னியாவில். ஐ-15 நெடுஞ்சாலையில் மொஹாவி பாலைவனத்தைக் கடந்தால் நாலைந்து மணி நேரத்தில் வேகஸ் வந்துவிடும். ஊரிலிருந்து யார் வந்தாலும் கிராண்ட் கேன்யனும் வேகஸும் பட்டியலில் இருக்கும். கல்யாணமான புதிதில் நாங்கள் இருவர் மட்டும் போனோம், அப்புறம் குழந்தைகளோடு, பிறகு திருநெல்வேலியிலிருந்து வந்த என் அப்பா அம்மாவோடு. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. அப்பா வீட்டுக்கு வெளியே எல்லாம் சாப்பிடுவார். ஆனால் சர்க்கரை இருப்பதால் வேளை தவறக் கூடாது. இவர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அந்த ஊரில் சுற்றியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பெரிய கேசினோ ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கும் சாலையை ஸ்டிரிப் என்பார்கள். சுமார் 4.2 மைல் நீளம். சட்டப்படி பார்த்தால் அதில் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை, பாரடைஸ் என்ற பகுதியில் வருகிறது. பழைய ஊர் வடக்கே ஃப்ரீமான்ட் தெருவில் இருக்கிறது. ஸ்டிரிப்பில் கட்டடங்கள் பிரமாண்டமாக இருப்பதால் எல்லாம் பக்கத்தில் இருப்பது போலத் தெரியும். எதிரில் தெரியும் ஹோட்டலுக்குப் போக வேண்டும் என்றால் லிஃப்டில் இறங்கி, நம் ஹோட்டலின் கேசினோவைக் கடந்து, நடைமேம்பாலம் ஏறி இறங்கி, அந்தப் பக்கம் இன்னொரு கேசினோவையும் கடந்து உணவகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. கோடையில் வெயில் வேறு. 2024 ஜூலை 7 அன்று அங்கே 120 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது, அதாவது கிட்டத்தட்ட 49 டிகிரி செல்சியஸ். நம் ஊர் கத்திரி வெயிலைப் பார்த்தவர்கள்கூட மதியம் இரண்டு மணிக்கு அங்கே நடக்க நினைக்கக் கூடாது.

அதனால் நாங்கள் சாப்பாட்டை ரூமிலிருந்து கணக்குப் போடுகிறோம். காலை உணவு தங்கும் கட்டடத்திலேயே, அல்லது அடுத்த கட்டடத்தில். மதியமோ இரவோ ஒரு வேளை காரை எடுத்துக்கொண்டு ஸ்டிரிப்புக்கு வெளியே. ஸ்டிரிப்பில் ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுவது மொத்தப் பயணத்திலும் ஒரே ஒரு முறை, அதுவும் முன்பதிவு செய்து. நடையைக் குறைக்க ஹோட்டல்களுக்கு இடையே இலவச டிராம்கள் உண்டு. மாண்டலே பேயிலிருந்து எக்ஸ்காலிபர் வரை ஒன்று, பார்க் எம்ஜிஎம்மிலிருந்து ஆரியா வழியாக பெலாஜியோ வரை இன்னொன்று. அப்பா இந்த இரண்டாவது டிராமில் ஏறி உட்கார்ந்ததும்தான் "இப்பத்தான் மூச்சு வருது" என்றார்.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கேசினோ தளத்தின் வழியாக நடந்து போகலாம், நிற்கக் கூடாது. உணவகத்துக்குப் போகும் வழியில் பையன் மின்னும் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றால், பாதுகாவலர் வந்து நகரச் சொல்வார். பல உணவகங்களின் வாசல் கேசினோவைப் பார்த்துத்தான் இருக்கும். இடம் காலியாகும்வரை காத்திருப்பது சங்கடமாகிவிடும், அதற்காகவே முன்பதிவு செய்துகொள்ளலாம்.

இன்னொன்று புகை. நெவாடாவில் உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை உண்டு. கேசினோ தளத்தில் இல்லை. கேசினோவை ஒட்டித் திறந்தபடி இருக்கும் உணவகங்களில் சிகரெட் வாடை சாப்பாட்டு மேசைவரை வரும். பார்க் எம்ஜிஎம் 2020இல் முழுக்கப் புகையில்லாத இடமாக மாறியது, ஸ்டிரிப்பின் கேசினோ ஹோட்டல்களில் அதுதான் முதல். ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். அதன் தரைத்தளத்தில் ஈட்டலி என்ற இத்தாலியச் சந்தை இருக்கிறது. பீட்சா ஒரு பக்கம், பாஸ்தா ஒரு பக்கம், காபி, ரொட்டி, இனிப்பு என்று தனித்தனிக் கடைகள். ஆளுக்கொன்று வாங்கிவந்து ஒரே மேசையில் உட்காரலாம். அம்மா தக்காளியும் துளசி இலையும் போட்ட பீட்சாவை மிளகாய்த்தூள் தூவிச் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கும் இங்கேயே வரலாம் என்றாள்.

வேகஸில் சாப்பாடு சல்லிசு என்று முப்பது வருடத்துக்கு முன் அமெரிக்கா வந்த அண்ணன்மார்கள் இன்னமும் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது உண்மை. 1941இல் இந்தச் சாலையில் திறந்த முதல் ரிசார்ட்டான எல் ராஞ்சோ வேகஸில்தான், அந்தப் பத்தாண்டிலேயே, பஃபே வழக்கம் தொடங்கியது. ராத்திரி சூதாடிக்கொண்டிருப்பவன் பசிக்குது என்று எழுந்து வெளியே போய்விடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். ஃப்ரீமான்ட் தெருவில் கோல்டன் கேட் 1959இல் ஒரு கிளாஸ் இறால் காக்டெய்லை 50 சென்ட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்ததும் இதே கணக்கில்தான். சாப்பாட்டில் போகிற நஷ்டம் சூதாட்ட மேசையில் திரும்பி வந்துவிடும். இன்றைக்கு ஸ்டிரிப்பின் பெரிய கேசினோக்களுக்குச் சூதாட்டத்தில் வரும் வருமானம் மொத்தத்தில் பாதிக்கும் குறைவு. ரூம், சாப்பாடு, கச்சேரி என்று ஒவ்வொன்றும் தன் லாபத்தைத் தானே சம்பாதித்தாக வேண்டும். 2016இல், ஸ்டிரிப்பில் பல ஹோட்டல்களை நடத்தும் எம்ஜிஎம் நிறுவனம் கார் நிறுத்தவும் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு போனால் வயிறு எரியும். ஒரு பெரிய நகரத்தின் விலை என்று நினைத்துக்கொண்டு போனால் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பஃபேக்கள் பல 2020இல் கோவிட் சமயத்தில் மூடியவை, மறுபடி திறக்கவே இல்லை. எஞ்சியவற்றில் பெயர் பெற்றவை சீசர்ஸ் பேலஸில் பக்கனால், வின்னில் உள்ள பஃபே, காஸ்மோபாலிட்டனில் விக்கெட் ஸ்பூன், அப்புறம் பெலாஜியோ. பக்கனாலில் இரவுச் சாப்பாடு ஒருவருக்கு 80 டாலருக்குக் குறையாது. வரி, டிப்ஸ் தனி. உட்கார ஒன்றரை மணி நேரம்தான். ஆட்டுக்கறி, நண்டுக்கால், சுஷி என்று மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பணம் தகும். அப்பா நண்டுக்காலை உடைத்து உடைத்துச் சாப்பிட்டதை நான் மறக்க மாட்டேன். ஆனால் முட்டையும் தொடாத ஒருவரை அங்கே கூட்டிப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வகைவகையாக இருப்பதால் சைவர்களுக்கும் நிறைய இருக்கும் என்று தோன்றும். நடந்து பார்த்தால் சாலட், ரொட்டி, வதக்கிய காய், பழம், அதற்கு மேல் இனிப்புகள். இனிப்பிலும் முட்டை, ஜெலட்டின். 80 டாலருக்கு இவ்வளவுதானா என்று அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

அப்படியும் எல்லோரும் சேர்ந்து போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு பகுதியிலும் நிற்கும் சமையல்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஒரு பஃபேயில் மெக்சிகன் பகுதியில் நின்றவரிடம் அம்மாவுக்காகக் கேட்டேன். பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறது, சோறு கோழிச் சாற்றில் வெந்தது, இரண்டும் வேண்டாம் என்றார். கையுறையைக் கழற்றிப் புதிதாக மாட்டிக்கொண்டு, உள்ளே போய்ச் சூடான சோள ரொட்டி, அவகாடோ, வதக்கிய குடைமிளகாய், கறுப்பு பீன்ஸ் எல்லாம் தனித் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வரிசையில் எங்கேயும் இல்லாத தட்டு அது. கேட்டால் செய்கிறார்கள், பின்னால் ஐம்பது பேர் நின்றாலும். மேசைக்கு வந்ததும் அம்மாவுக்கு வேறு கவலை. "இம்புட்டையும் ராத்திரி என்ன செய்வாவ?" என்றாள். அந்த ஊர் கேசினோக்களில் மிஞ்சும் உணவைப் பல பத்தாண்டுகளாகப் பன்றிப் பண்ணைக்கு அனுப்புகிறார்கள். வடக்கு லாஸ் வேகஸில் ஆர்.சி. ஃபார்ம்ஸ் என்ற பண்ணை அதைக் காய்ச்சிப் பன்றிகளுக்குப் போட்டு வந்தது. பிறகு ஊர் அங்கே வளர்ந்துவிட்டதால் அந்த வேலை இன்னும் வடக்கே ஏபெக்ஸ் பக்கம் போய்விட்டது. இதைச் சொன்னதும் அம்மா கொஞ்சம் ஆறுதலானாள்.

சைவம் என்றால் வேகஸில் பட்டினி என்பது பழைய கதை. 2010இல் வின் ஹோட்டலைக் கட்டிய ஸ்டீவ் வின் தானே பால், முட்டைகூட இல்லாத தாவர உணவுக்கு மாறியபோது, வின், என்கோர் ஹோட்டல்களின் எல்லா உணவகங்களிலும் வீகன் உணவு இருக்க வேண்டும் என்று வைத்தார். அந்த வழக்கம் அங்கே நிலைத்துவிட்டது. ரிசார்ட்ஸ் வேர்ல்டில் 2022இல் கிராஸ்ரோட்ஸ் கிச்சன் என்று முழுக்க முழுக்கத் தாவர உணவுக்கான உணவகமே வந்தது. அதே ரிசார்ட்டில் சிங்கப்பூர் ஹாக்கர் கடைகளைப் போல அமைத்த சாப்பாட்டுக் கூடமும் உண்டு, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது தோதானது.

மற்ற இடங்களில் எனக்கு உதவுவது ஒரு எளிய வழி. வெஜிடேரியன் என்று கேட்பதற்குப் பதில் வீகன் என்று கேட்டுவிடுவேன். முட்டை, மீன் சாறு, ஜெலட்டின், மாமிசச் சாறு எல்லாம் அதிலேயே கழிந்துவிடும். அதன் பிறகு பால், தயிர், சீஸ் சேர்க்கலாம் என்று நாமே சொல்லிக்கொள்ளலாம். வெஜிடேரியன் என்றால் மாமிசத் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் செய்த சூப்பைக் கொடுக்கிற இடங்கள் உண்டு. பிரெஞ்சு வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்வார்கள். சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி மீன் இருக்கும். அசல் பார்மசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும். இதில் எதுவரை பரவாயில்லை என்பது ஒவ்வொரு வீட்டிலும் வேறுபடும். ஊரிலிருந்து கிளம்புமுன் பெரியவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மேசையில் உட்கார்ந்தபின் அதைப் பேசினால் அவர்களுக்குச் சாப்பிடவே மனம் வராது.

தாய் உணவில் மீன் சாறு பெரிய விஷயம். ஒரு தாய் உணவகத்தில் பரிமாறிய பெண் என் கேள்வியைக் கேட்டதும் மெனுவை வாங்கிப் பேனாவால் குறித்துக்கொண்டே போனார். காய் வதக்கல் மீன் சாறில்லாமல் வரும், சோறு வதக்கலும் வரும், பப்பாளி சாலட் உப்பிட்ட இறால் சேர்த்து இடிப்பது, அது வேண்டாம், தேங்காய்ப்பால் கறிகளின் மசாலாவை மொத்தமாக அரைத்து வைத்திருக்கிறோம், அதில் இறால் விழுது உண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெறும் ஆமாம் இல்லை என்று பதில் வந்தால் நான் இன்னொரு முறை கேட்பேன். இப்படிக் காரணத்தோடு பதில் வந்தால் நம்பிச் சாப்பிடலாம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு தாய் உணவில் நான் சொல்வது லோட்டஸ் ஆஃப் சயாம். 1999இல் ஒரு பழைய வணிக வளாகத்தில் தொடங்கியது. அதன் சமையலரசி சைபின் சுதிமாவுக்கு 2011இல், அமெரிக்காவில் சமையல்காரர்களுக்குக் கொடுக்கும் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. 2017இல் மழையில் கூரை இடிந்து, பிறகு ஸ்டிரிப்புக்குக் கிழக்கே ஃபிளமிங்கோ சாலையில் இடம் திறந்தார்கள். வடக்கு தாய்லாந்துச் சமையல்தான் அங்கே விசேஷம். காவ் சோய் என்று ஒன்று: தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் எலுமிச்சை, ஊறுகாய்க் கீரை, சின்ன வெங்காயம். அப்பா ஒரு கரண்டி குடித்துவிட்டு, "நம்ம சொதியில கோழியைப் போட்ட மாதிரில்லா இருக்கு" என்றார். எலுமிச்சையைப் பிழிந்துகொண்டபின் பேச்சே இல்லை. பொரித்த சோற்றில் செய்யும் சாலட்டையும் விடாதீர்கள். மாலை ஐந்தரைக்குப் போய்விட்டால் பெரியவர்களுக்கு இரைச்சல் இல்லாமல் இருக்கும்.

ஆனால் வேகஸில் எனக்கு மிகவும் பிடித்த சாப்பாட்டுத் தெரு ஸ்பிரிங் மவுண்டன் ரோடு. ஸ்டிரிப்பிலிருந்து மேற்கே காரில் பத்து நிமிடம். 1995இல் சைனாடவுன் பிளாசா என்ற வளாகம் திறந்ததிலிருந்து வளர்ந்த பகுதி இது. இப்போது சீன, கொரிய, ஜப்பானிய, வியட்நாமியக் கடைகள் மைல் கணக்கில் நீள்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கடைவரிசைகள்தான். பல் டாக்டர், நகம் வெட்டும் கடை, நடுவில் ஒரு சின்ன உணவகம். அலங்காரம் எதுவும் இல்லை. ஸ்டிரிப்பின் சமையலறைகளில் வேலை பார்ப்பவர்கள் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிடுவது இங்கேதான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போனால் கேசினோ சீருடையின் மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். நாள் முழுவதும் அடுத்தவருக்குச் சமைத்துப் பரிமாறியவர்கள் தன் காசைக் கொடுத்து எங்கே சாப்பிடுகிறார்களோ, அந்த இடத்தை நான் நம்புவேன்.

2008இல் வந்த ராக்கு இந்தத் தெருவின் பெருமை. கரியில் வாட்டும் ஜப்பானிய உணவு, சின்னச் சின்னத் தட்டுகளில். அவர்களே செய்யும் டோஃபுவைச் சாப்பிட்டபின் கடையில் வாங்கும் டோஃபுவை டோஃபு என்று சொல்ல மனம் வராது. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். மோன்டாவில் ராமென் என்ற நூடுல்ஸ் சூப், அது பன்றி எலும்புச் சாறு. பன்றி சாப்பிடாதவர்கள் கவனிக்கவும். சைனாடவுன் பிளாசாவிலேயே 99 ராஞ்ச் மார்க்கெட் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு முறையும் அங்கே போய் வாழைப்பழம், கொய்யா, இளநீர் வாங்கி ரூமில் வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கினால் கையில் ஒரு பழம் இருக்க வேண்டுமே. கார் நிறுத்தக் காசு கிடையாது, கடை வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஸ்டிரிப்பில் ஒருவர் சாப்பிடும் பணத்தில் இங்கே இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் திருப்தியாகச் சாப்பிட்டுவிடலாம்.

நம் சாப்பாடு வேண்டும் என்று நாக்கு கேட்கும் நாளும் வரும். சஹாரா சாலையில் மவுண்ட் எவரெஸ்ட், ஃபிளமிங்கோ சாலையில் மின்ட் என்று ஸ்டிரிப்பைச் சுற்றி இந்திய உணவகங்கள் உண்டு. பெரும்பாலும் வடக்கத்திச் சாப்பாடு. பருப்பு, சோறு, தயிர் மூன்றும் கிடைத்தால் அம்மாவுக்கு அன்றைக்கு விருந்து.

பெரிய சமையல்காரர்களின் உணவகங்களுக்குப் போகலாமா? போகலாம், ஒரு முறை. 1992இல் வுல்ஃப்காங் பக் சீசர்ஸ் பேலஸின் ஃபோரம் கடைவீதியில் ஸ்பாகோவைத் திறந்தார். சூதாட வருகிறவன் நல்ல சாப்பாட்டுக்கு எங்கே காசு கொடுக்கப் போகிறான் என்று பலர் நினைத்த காலம். அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வரிசையாக வந்தார்கள். 2005இல் எம்ஜிஎம் கிராண்டில் பிரெஞ்சுச் சமையல்காரர் ஜோயல் ரோபுஷான் வந்தார், உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷெலின் கையேடு வேகஸுக்கு முதன்முறை வந்தபோது மூன்று நட்சத்திரம் வாங்கியது அந்த உணவகம். அவர் 2018இல் மறைந்தார், உணவகம் அவர் பெயரிலேயே நடக்கிறது. அந்த அளவுக்குச் செலவழிக்க வேண்டாம் என்றால் ஸ்பாகோவுக்கு மதியம் போங்கள். 2018இல் பெலாஜியோவுக்கு மாறிவிட்டது, வெளித்திண்ணை செயற்கை ஏரியைப் பார்த்தபடி இருக்கிறது. மதிய மெனுவில் பீட்சா, பாஸ்தா உண்டு, அம்மாவுக்கும் கிடைக்கும், இரவை விடச் செலவு குறைவு. அந்த ஏரியில் 1998இலிருந்து இசைக்கு ஆடும் நீரூற்று பிற்பகலில் அரை மணிக்கு ஒரு முறையும் ராத்திரி கால் மணிக்கு ஒரு முறையும் எழும். வார நாட்களில் பிற்பகலில்தான் ஆரம்பிக்கும், அதனால் மேசையைத் தாமதமாகப் பதிவு செய்யுங்கள். இரவு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றால் எதிரே பாரிஸ் ஹோட்டலில் மோன் அமி காபி (Mon Ami Gabi) என்ற உணவகத்தின் திண்ணை சரியான இடம். சாப்பாடு அங்கே சுமார்தான் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அந்தக் காட்சிக்கு நான் மறுபடியும் போவேன்.

பழைய வேகஸ் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு பெப்பர்மில் உணவகம். 1972இலிருந்து ஸ்டிரிப்பில் இருக்கிறது. ஊதாவும் இளஞ்சிவப்புமாக விளக்குகள், உள்ளே செயற்கைப் பூ மரங்கள். ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும்.

இனி பில். மெனுவில் 100 டாலர் என்றால் கையை விட்டுப் போவது 126 டாலருக்கு மேல். விற்பனை வரி 8.375 சதவீதம், டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். ஆறு பேருக்கு மேல் போனால் பல உணவகங்கள் டிப்ஸைத் தாங்களே பில்லில் சேர்த்துவிடும், அது தெரியாமல் இன்னொரு முறை எழுதிவிடக் கூடாது. நம்மவர்கள் பலர் டிப்ஸில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். நெவாடாவில் பரிமாறுகிறவர்களுக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி உண்டு, 2024 ஜூலையிலிருந்து மணிக்கு 12 டாலர். அந்த ஊர் வாடகைக்கு அது எந்த மூலைக்கு? அம்மாவுக்காக மூன்று முறை சமையலறைக்குப் போய்க் கேட்டுவந்த பெண்ணுக்கு இருபது சதவீதம் வைப்பதுதான் மரியாதை.

ஆனால் ஸ்டிரிப்பின் ஒரு கடைவீதிக்குள் இருந்த உணவகத்தில் பில்லின் அடியில் பொடி எழுத்தில் கன்செஷன் கட்டணம் என்று கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் போட்டிருந்தார்கள். அது வரியும் இல்லை, டிப்ஸும் இல்லை. கடைக்காரர் வாடகைச் செலவுக்காக நம்மிடம் வாங்குவது. மெனுவின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோமே என்றார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஸ்டிரிப்பில் உட்காருமுன், வரியும் டிப்ஸும் தவிர வேறு ஏதாவது சேர்ப்பீர்களா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

புளியோதரையும் இட்லி மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொண்டு போகிற குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்டிரிப்பின் பல ஹோட்டல்களில் ரூமில் இருக்கும் குளிர்ப்பெட்டி நம் தயிரை வைப்பதற்கில்லை, விற்பனைக்கு வைத்த பானங்கள் நிறைந்த மினிபார். ஒன்றை எடுத்து நகர்த்தினாலே சென்சார் உங்கள் கணக்கில் ஏற்றிவிடும். அதைத் திறக்கவே வேண்டாம். இன்சுலின் வைக்க வேண்டும் என்று சொன்னால் தனிக் குளிர்ப்பெட்டி கொண்டுவந்து தருவார்கள். ரூம் போடும்போதே சொல்லி வையுங்கள். மைக்ரோவேவ் பெரும்பாலும் இருக்காது, கெட்டிலும் அப்படித்தான். மூன்று வேளையும் வெளியே சாப்பிட முடியாதவர்களுக்கு விடாரா, எம்ஜிஎம்மின் சிக்னேச்சர் மாதிரி இடங்கள் தோது. இரண்டிலும் கேசினோ கிடையாது, புகை கிடையாது, ரூமிலேயே சின்னச் சமையலறை இருக்கும். நாங்கள் அப்பா அம்மாவோடு அப்படி ஒன்றில்தான் தங்கினோம். ராத்திரி எட்டு மணிக்கு அம்மா ஒரு பாத்திரம் ரசம் வைத்துவிட்டாள், அடுத்த நாள் வெளியே சாப்பிட எல்லோருக்கும் வயிறு தயாராக இருந்தது.

கலிபோர்னியாவுக்குக் காரில் திரும்புகிறவர்கள் கடைசி நாள் சாப்பாட்டையும் யோசித்து வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஐ-15இல் மாநில எல்லையில் உள்ள பிரிம் வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். வழியில் நல்ல சாப்பாட்டுக்கு இடமும் குறைவு. நாங்கள் காலை பத்தரைக்கு ஸ்பிரிங் மவுண்டன் ரோட்டில் சாப்பிட்டு முடித்து, அங்கேயே பழமும் தண்ணீரும் வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு, பன்னிரண்டுக்குள் ஊரைத் தாண்டிவிடுவோம். திங்கட்கிழமை லீவு போட முடிந்தால் ஞாயிறு இரவு தங்கிவிடுங்கள். அன்றைக்கு ரூம் வாடகை குறைவாக இருக்கும், உணவகங்களில் மேசையும் சுலபமாகக் கிடைக்கும்.